ஊதா வால் குஞ்சு

சிவப்பு வெளிச்சத்தில் கோழிக்குஞ்சுகளுக்கு ரத்தம் தெரியாது; தெரிந்தால் கொத்தத் தொடங்கிவிடும். குஞ்சுப் பெட்டியின் சிவப்பு பல்பு ஃபியூஸ் போக, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று பண்ணைக்காரி வெள்ளை பல்பை மாட்டினாள். அவ்வளவுதான், எல்லாமாகச் சேர்ந்து ஒரு நோஞ்சான் குஞ்சின் வாலடியைக் கொத்திக் குதறிவிட்டன. புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து தடவியும் அது பிழைக்கவில்லை. புருஷன் கொல்லையில் புதைத்தான்.

காலையில் குஞ்சுப் பெட்டியில் சத்தமே இல்லை. பல்புக்கு நேர்கீழே, கதகதப்பில், காலெல்லாம் மண்ணோடு ஊதா வால் குஞ்சு உட்கார்ந்திருந்தது.

"ஆழமாத்தானே தோண்டுனீங்க?"

"ஒரு முழம் தோண்டி, மேல கல்லு வேற வச்சேனே!"

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் எட்டிப் பார்த்தாள். மூலையில் ஒண்டிக்கிடந்த மற்ற குஞ்சுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து, அதற்கு வாலைத் திருப்பிக் காட்டி, கொத்து வாங்க வரிசையாக நின்றன.

அவள் ஊதா மருந்து பாட்டிலைத் திறந்து வைத்தாள்.