கடைசி வரிசைப் பெட்டி

ஏலக்கூடத்தின் நடுத்தூண் காற்றிலேயே மின்சாரம் அனுப்பும். விற்பவர்களின் பெட்டிகள் அதைக் குடித்து, அந்தத் தெம்பில் விலை கூவும். தூணைத் திருப்பும் செண்பகராமன் முன்வரிசைக்கே ஊட்டினார்; கூடம் அலறியது.

"நேத்தையவிட ரெட்டிப்புக் கூவல், அண்ணாச்சி!" என்று தரகர் ஒருவர் அவர் முதுகில் தட்டினார்.

கடைசி வரிசையில் பேச்சித்தாயின் தக்காளி விலைபோகாமல் கனிந்து வெடித்துக்கொண்டிருந்தது. அவள் பெட்டிக்கு வந்து சேர்வதோ சொட்டு. கூவ வேண்டியதோ அத்தனை தூரம். சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்து, கூவத் தெம்பு வந்ததும் ஒருவழியாக அதன் விளக்கு மினுங்கியது. அப்போதுதான் அவளைக் கவனித்த செண்பகராமன் பதறித் தூணை அவள் பக்கம் திருப்பப் போனார்.

"எங்க வாயில மண்ணப் போடுதீரே!" என்று முன்வரிசை எகிறியது. அவர் கை பாதியில் நின்றுவிட்டது.

பெட்டி வழியே பேச்சித்தாயின் குரல் வந்தது: "அவங்க முடிக்கட்டும் அண்ணாச்சி, நான் இருக்கேன்."

விலை கூவச் சேர்த்ததெல்லாம் அந்த ஒரு பேச்சிலேயே தீர்ந்து விளக்கு அணைந்தது. விற்காத தக்காளியின் சாறு வழிந்து தூணடிக்கு வந்தபோது, செண்பகராமன் யார் முகத்தையும் பாராமல் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.