பதினேழாம் பக்கம்

‘ஜூலை 6, ஞாயிறு. கல்லூரிக் கையேட்டை நம்பி, “இந்தச் சின்ன ஊரிலும் நன்றாகப் பொழுது போகும், நீயும் வந்து சேர்” என்று தங்கைக்கு எழுதிவிட்டேன். நேரில் பார்க்காமல் எழுதியது என் தவறு.’

நாட்குறிப்பை மூடிவிட்டு, மாலை வகுப்பில் பக்கத்தில் உட்காரும் அக்காவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். தங்கை வந்து சேர்வதற்குள் கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் போட்டிருந்த நான்கு இடங்களையும் பார்த்துவிட வேண்டும்.

நீச்சல் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தியேட்டர் சிமெண்டுக் கிடங்காகியிருந்தது. படகுத் துறையில் படகும் இல்லை, துறையும் இல்லை. பூங்கா கேட்டில் துருப்பிடித்த பூட்டு.

“வயித்தெரிச்சலா இருக்குக்கா. இந்தக் கையேட்டை நம்பித்தான் வேற காலேஜை விட்டுட்டு இங்க சேர்ந்தேன். எழுதினவங்க ஒருநாளாவது இந்தப் பக்கம் எட்டிப் பாத்திருப்பாங்களா?”

“பாத்திருக்க மாட்டாங்க.”

“கையில கிடைச்சா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்.”

அக்கா பூங்காச் சுவரோரம் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். “கேளு.”

“யாரை?”

“என்னைத்தான். பகல்ல காலேஜ் ஆபீஸ்ல டைப் அடிக்கிறது நான்தானே. பழைய கையேட்டைப் பாத்து வருஷா வருஷம் அப்படியே அடிச்சிடுவேன்.”

அவள் ஆத்திரத்தோடு அக்காவின் முன்னால் வந்து நின்றாள். “இவ்வளவு தூரம் கூடவே நடந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா பாதியிலயே திரும்பியிருப்பே. ஆறு வருஷமா ஆபீஸ் விட்டா வீடு, இப்ப கிளாஸ். இன்னைக்குத்தான்டி முதல் தடவையா ஊரைச் சுத்திப் பாக்கறேன். எனக்கு நல்லாப் பொழுது போச்சு.”

அறைக்குத் திரும்பியும் கோபம் ஆறவில்லை. நாட்குறிப்பில் எழுதினாள்: ‘நாளை: தங்கையிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பத்து மணிக்கு ஆபீசில் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து, நான்கு இடங்களையும் கையேட்டிலிருந்து நீக்கவைக்க வேண்டும்.’