பச்சைத் துப்பட்டா

விளாங்குடியில் வீட்டிலேயே பீகிள் நாய்கள் வளர்த்துக் குட்டிகள் விற்கும் முத்துமீனாவிடம் ஒரு குட்டியைச் சொல்லிவைத்தேன். பால் மறப்பதற்குள் என் வாசனை பழகட்டும் என்று என் பழைய பச்சைத் துப்பட்டாவை வாங்கி வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு இன்றுதான் போகிறேன். என்னைக் கண்டதும் குட்டி சோபாவுக்கு அடியில் ஒளிந்தது.

“என்னக்கா இது? தெனமும் வந்து மடியில வச்சுக் கொஞ்சுவீகளே. அம்புட்டு ஒட்டுதலா இருந்துச்சே!”

“நானா? துப்பட்டா எங்க?”

“நேத்து நீங்கதான போட்டுட்டுப் போனீக?”

எனக்கு வயிறு எரிந்தது. என் குட்டியை எவள் கொஞ்சியது? வெளியே இழுத்து மடியில் இறுக்கிக்கொண்டேன்.

வாசல் கேட் திறந்தது.

“ஜிலேபி!”

நான் மனதுக்குள் மட்டும் வைத்திருந்த பெயர். குட்டி என் கையைக் கடித்துவிட்டு, வாலை ஆட்டியபடி வாசலுக்கு ஓடியது.

கூப்பிட்டது என் குரல்தான். ஆனால் இத்தனை பிரியமாக நான் யாரையும் கூப்பிட்டதில்லை.