தத்துப் பிள்ளை

கல்யாணம் ஆகாத செசிலிக்கு, அப்பாவைப் பார்த்துக்கொள்ள விடுப்பும் கிடைக்கவில்லை, உதவித்தொகையும் கிடைக்கவில்லை. பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத்தான் அரசு இரண்டையும் கொடுத்தது. பெற்றோரையே தத்தெடுக்கலாம் என்று சட்டம் வந்ததும், எண்பது வயது அப்பா கஸ்பாரை மகனாகப் பதிவுசெய்தாள்.

"இனிமே நான் சொல்றபடி கேக்கணும்" என்றாள்.

"சரிம்மா" என்று சிரித்தார் கஸ்பார்.

மறுவாரம் அவள் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, வாசலில் குழந்தைகள் நலத்துறை வண்டி நின்றது. கையில் பலூனோடு அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளையத் தனியா விட்டுட்டுப் போகலாமா? இனிமே காப்பகத்துல நாங்க பாத்துக்குவோம்" என்றார் அதிகாரி.

"ஐயோ, அவரு எங்கப்பா!" செசிலி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி இரக்கத்தோடு அவள் கையை விலக்கினார்.

"அழாதீங்கம்மா. பெத்தவங்க சனிக்கிழமை வந்து பாக்கலாம்."