தோண்டக் கூடாத மண்

வானம் பார்த்த மூன்று ஏக்கரில் உசிலையும் வேம்பும் நட்டு, சங்கையாவும் பேச்சித்தாயும் பதினெட்டு வருடம் காத்தார்கள். மரம் வளர்க்கப் பணம் தரும் கம்பெனியின் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னவன் பேச்சித்தாயின் தம்பி மாடசாமி. "கார்பனைச் சேத்து வைக்கிற காடு அத்தான். நெலம் என்னைக்கும் ஒங்களுதுதான்" என்றான். இப்போது அந்தக் காட்டுக்குக் கம்பெனி வைத்த காவலாளியும் அவனே.

சங்கையா இறந்ததும், அவர் ஆசைப்படி அங்கேயே குழிவெட்டப் போனார்கள். மாடசாமி வேலிக்கதவைத் திறக்கவில்லை.

"தோண்டுனா மண்ணுல உள்ள கார்பன் வெளியேறிரும்க்கா. உள்ள கெடக்குற கருவி கம்பெனிக்குக் காட்டிக் குடுத்துரும். பத்திரத்துலயே தோண்டக்கூடாதுன்னு இருக்கு."

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமாடா?"

அவன் தலைகுனிந்தான்.

ஊர் இடுகாட்டில் புதைத்தார்கள். பதினாறாம் நாள், புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீடு எடுத்துத் தரும் கோடிச் சேலையோடு மாடசாமி வாசலில் வந்து நின்றான். பேச்சித்தாய் கை நீட்டவில்லை.

"எனக்குக் கூடப்பொறந்தவன் யாருமில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.