கிளி கூட்டுக்குள் போன நாள்

“கிளி எங்க நிக்குது, மகள்?”

“கூட்டுக்கு வெளியிலதான், நானா.”

“கிட்டவா, தூரவா?”

“ஒரு விரல் தூரம். வருது... இல்லை, போயிட்டுது.”

மெற்றில்டா பெட்டியிலிருந்து முகத்தை எடுத்துக் கண்களைக் கசக்கினாள். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மேல்மாடி அறை அது. மேசைமேல் இரண்டு துளைகள் வைத்த மரப்பெட்டி. இடக் கண்ணுக்குக் கிளிப் படம், வலக் கண்ணுக்கு வெறுங்கூடு. இரண்டு கண்ணும் ஒற்றுமையாய்ப் பார்த்தால் கிளி தானாகவே கூட்டுக்குள் போய்விடும். ஆறு வாரமாய் அந்தப் பாழாய்ப்போன கிளி அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை.

சீமையில் புது ராசா முடிசூடிய வருஷம். மெற்றில்டாவுக்குக் கோட்டையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. சுவிட்ச்போர்டில் கேட்ட இலக்கத்தின் துளையைப் பார்த்துக் கம்பிச் செருகியைச் செருக வேண்டும். நாலு மாதமாய் ஒவ்வொரு துளையும் இரண்டாய்த் தெரிந்தது. எது நிசம், எது நிழல் என்று புரியாமல், செட்டித்தெரு அரிசிக்கடைக்கு வந்த அழைப்பை ஒரு வெள்ளைக்கார நீதிபதி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். காலை நித்திரையில் இருந்த துரை, இருபது மூட்டை சம்பா இன்னும் ஏன் வரவில்லை என்று ஏச்சு வாங்கினாராம். மேற்பார்வை அம்மா இரண்டு மாதத் தவணை கொடுத்தாள். அதற்குள் சரியாகாவிட்டால் வேலை இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் அவளை நம்பி நாலு பேர் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணைச் சோதித்தார்கள். இரண்டும் கடைசி வரிவரை வாசித்தன. ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு அவள் தேடி வந்த இந்த அறையில், கண்ணுக்குப் பயிற்சி கொடுக்கும் பெரியவர் ஸவாஹிர் நானாதான் காரணத்தைச் சொன்னார்.

“தனித்தனியா ரெண்டும் நல்ல கண், மகள். சேந்து வேல செய்யத்தான் பழகல்ல. பழக்கிக்கலாம்.”

பழக்கம் என்றால் இந்தப் பெட்டியும், வீட்டில் ஒரு பென்சிலும். பென்சில் முனையை மெல்ல மெல்ல மூக்கருகே கொண்டுவந்து, அது இரண்டாய்ப் பிரியாமல் பார்க்க வேண்டும். அவள் தாய் அன்னபாக்கியம் அதைப் பார்த்துவிட்டு, மகளுக்கு மாறுகண் விழப்போகிறதென்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

நானா நல்ல மனுசன். ஆனால் ஒரு மாதிரி ஆள். வீட்டுக்குள்ளும் புகைநிறக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். கேத்தலின் மூக்கைக் கோப்பை விளிம்பில் முட்டவைத்த பிறகுதான் தேத்தண்ணீர் ஊற்றுவார். ஒரு சொட்டும் சிந்தக் கூடாது என்ற பெரிய சுத்தக்காரர் போலும் என்று மெற்றில்டா நினைத்துக்கொண்டாள். கேள்விகள்தான் தாங்க முடியாதவை. கூட்டுக் கம்பி முன்னால் நிற்கிறதா, கிளி முன்னால் நிற்கிறதா, நடுவில் எவ்வளவு இடம் என்று பரீட்சைக்காரர் மாதிரிக் குடைவார். எப்படித் தெரிய வேண்டுமென்று ஒருநாள் திருப்பிக் கேட்டதற்கு, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று முடித்துவிட்டார்.

இன்று கடைசி நாள். மாலை ஐந்தரைக்கு மேற்பார்வை அம்மா அவளைச் சுவிட்ச்போர்டில் உட்காரவைத்துச் சோதிக்கப் போகிறாள். நாலரை ரயிலை விட்டால் அடுத்தது ஐந்துக்கு. அதில் போனால் கோட்டையிலிருந்து ஓடத்தான் வேண்டும்.

“கடைசியா ஒருக்காப் பாருங்க,” என்றார் நானா. “மல்லுக்கட்ட வேணாம். சும்மா பாருங்க.”

பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல் ஒரே தாளத்தில் இரைந்துகொண்டிருந்தது. மனசு எங்கேயோ மிதந்தது. கிளியை அவள் மறந்தே போன ஒரு கணத்தில் அது அசைந்தது. பச்சைச் சிறகோடு மெல்ல மெல்ல நகர்ந்து, கம்பிகளைத் தாண்டி, உள்ளே போய் உட்கார்ந்தது.

“நானா, உள்ளுக்குப் போயிட்டுது.”

தலையை நிமிர்த்தினாள். அறையே மாறியிருந்தது. ஜன்னல் கம்பிகள் இந்தப் பக்கம் வந்து நின்றன. கடல் எங்கோ தள்ளிப் போயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு வெளி. அதில் ஒரு காகம் சாவதானமாய்ப் பறந்து போனது. இத்தனை நாளும் சுவரில் ஒட்டிய படத்துக்குள் இருந்ததுபோல் பட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

எப்படிப் போனது என்று நானா கேட்டார். சொன்னாள். கம்பிக்கும் கிளிக்கும் நடுவில் கை விடலாமா என்று கேட்டார். விடலாம் என்றாள். கிளிக்குப் பின்னாலும் இடம் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்று சொல்லிக் கைப்பையை எடுத்தாள். தெகிவளைப் பக்கம் ரயில் ஊதிக் கேட்டது.

“இன்னம் ஒருக்காச் சொல்லுங்க, மகள். மொதல்ல இருந்து.”

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “கேட்டதெல்லாம் சொல்லீட்டன் நானா. எனக்கு வேலை போயிடும். ஆசையெண்டா நீங்களே ஒருக்கா உள்ளுக்குப் பாருங்கோவன்.”

நானா கண்ணாடியைக் கழற்றி லேஞ்சித் துணியால் துடைத்தார். ஆறு வாரத்தில் முதல் தடவையாய் அந்த முகம் அவளுக்கு ஒன்றாய், தெளிவாய்த் தெரிந்தது. வலக் கண் ஆவலோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இடக் கண் ஜன்னல் பக்கம் திரும்பியபடி, இமைக்காமல், அசையாமல் இருந்தது. அது கண்ணாடியில் செய்து வைத்த கண்.

கீழே ரயில் வந்து நின்று போயும்விட்டது. மெற்றில்டா கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் இருந்து சொல்லத் தொடங்கினாள்.