ஒன்பது நிமிடம்

"ஒன்பது நிமிஷம்னா என்னன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று பொதுக் கூட்டத்தில் மேசையைத் தட்டினார் எல்டன் ராஸ்முசென்.

பதிலையும் அவரே சொல்லிவிடுவார் என்பது அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து அந்தக் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, பழகிப்போன விஷயம். பதினாறு வருடமாகக் கவுண்டி நிர்வாகக் குழுத் தலைவர். கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. கைதட்டலை மட்டும் பிறருக்கு விட்டுக்கொடுப்பார்.

"உயிர். புது ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர், நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போ இருக்கிறதைவிட ஒன்பது நிமிஷம் முன்னாடி கொண்டு போய்ச் சேர்க்கும்."

பக்கத்து நாற்காலியிலிருந்த உறுப்பினர் கஸ் ஹால்வர்சன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பழசே நல்லாத்தானே பறக்குது? புதுசு ரெண்டு மடங்கு விலை. மூணு கவுண்டி சேர்ந்துதான் வாங்குறோம். ஆனா நம்ம பங்குக்காக, இருக்கிற ரெண்டு பனி தள்ளும் லாரியில ஒண்ணை வித்துட்டு, டார்லாவை வீட்டுக்கு அனுப்பணும்ங்கிறியே."

மூன்றாம் வரிசையில் டார்லா, தொப்பியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு குளிர்காலமாக அந்த லாரியை ஓட்டுகிறவள். கையிலிருந்த காகிதத் தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டு அப்படியே இருந்தது.

"டார்லா தங்கமான பொண்ணு," என்றார் எல்டன். "ஆனா அவ லாரி மணிக்கு முப்பது மைல். ஹெலிகாப்டர் நூத்தி அறுபது. புத்தி உள்ளவன் எதை வெச்சுக்குவான்?"

"ஒரே லாரின்னா வடக்கு ரோட்டுக்கு மத்தியானம்தான் வர முடியும்," என்றாள் டார்லா. "அங்கே பதினோரு வீடு இருக்கு. உங்க வீட்டையும் சேர்த்து."

"அதுக்குத்தான்மா ஹெலிகாப்டர்."

சிலர் சிரித்தார்கள். எல்டன் எழுந்து நின்றார். அவர் எழுந்தால் ஜனவரி மாதக் கதை வரும் என்று எல்லாருக்கும் தெரியும். காபி வேண்டியவர்கள் போய் ஊற்றிக்கொண்டு வந்தார்கள்.

"மாட்டுக்குத் தீவனம் வெச்சுக்கிட்டிருந்தேன். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தேன். நடுவுல ஒரு தடவை கண்ணு முழிச்சேன். கண்ணாடிக்கு வெளியே சுத்திலும் வெள்ளை மேகம். காதைப் பிளக்கிற இரைச்சல். உடம்பு குலுங்குது. தலைக்கு மேல ஆரஞ்சு வெளிச்சம் சுழலுது. சரி, வானத்துல போறோம்னு புரிஞ்சுது."

பிப்ரவரியில் அவர் சொன்ன கதையில் மேகத்துக்குள் போன ஹெலிகாப்டர், ஏப்ரலில் ஈஸ்டர் பண்டிகைக்குள் மேகத்துக்கு மேலே ஏறியிருந்தது. இப்போது மே மாதம். கூடவே வாத்துக் கூட்டம் ஒன்றும் பறந்தது.

கஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முன்வரிசையில் இருந்த எல்டனின் மனைவி லோரெய்ன் வேண்டாமென்று தலையசைத்தார். கஸ் வாயைக் காபியால் அடைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்றேன்." எல்டனின் குரல் தழுதழுத்தது. அதில் நடிப்பு இல்லை. "ஹெலிகாப்டர்ல போனவன் ஒவ்வொருத்தனுக்கும் பண்ணையையே விழுங்கற மாதிரி பில் வருது. எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு காகிதம் வரல. அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்ன செய்ய முடியும்? ஒரு கேடயம்தான் கொடுக்க முடியும்."

தொண்ணூறு மைல் தள்ளியிருக்கும் ஹெலிகாப்டர் தளத்திலிருந்து அதற்காகவே அழைக்கப்பட்டிருந்த விமானி டெரி, கூச்சத்துடன் முன்னால் வந்தார். கைதட்டல் எழுந்தது. "ரொம்ப நன்றி சார்," என்று கேடயத்தை வாங்கிப் படித்தார்.

'ஜனவரி 19 அன்று வானில் என்னைச் சுமந்தவருக்கு.'

அவர் முகத்திலிருந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"சார், இந்தத் தேதி சரிதானா?"

"என் கல்லறையில வந்திருக்க வேண்டிய தேதி அது. தப்பாச் சொல்வேனா?"

"அன்னிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அழைப்பு வந்தது. நான்தான் பணியில இருந்தேன். நோயாளி யாரு, என்ன நிலைமைன்னு விமானிகிட்ட சொல்ல மாட்டாங்க சார். இடமும் வானிலையும் மட்டும்தான். இரக்கப்பட்டு, பறக்கக் கூடாத நேரத்துல கிளம்பிடக் கூடாதுன்னு அப்படி ஒரு வழக்கம்."

"நல்ல வழக்கம்."

"பத்தடி தூரம் தெரியல, அப்படி ஒரு பனிக்காத்து. முடியாதுன்னு சொல்லிட்டேன். ஹெலிகாப்டர் கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்ல சார்."

எல்டன் கஸ்ஸைப் பார்த்தார். கஸ் காபிக் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு எல்டன் மனைவி பக்கம் திரும்பினார்.

"ஆறு மாசத்துக்கு உன்னை எதிர்த்துப் பேசக் கூடாது, நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு," என்றார் லோரெய்ன். "ஊருக்கே சொல்லி வெச்சிருந்தேன். இன்னும் ரெண்டு மாசம் பாக்கி இருக்கு, எல்டன்."

"அப்போ அந்த வெள்ளை மேகம்? அந்த ஆரஞ்சு வெளிச்சம்?"

லோரெய்ன் திரும்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தார்.

டார்லா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஏதோ தப்புச் செய்தவள் போல் தொப்பியைக் கசக்கினாள்.

"அது என் லாரிக் கூரையில சுத்துற விளக்கு, வெள்ளையாத் தெரிஞ்சது பனி. ஆம்புலன்ஸ் பனியில மாட்டிக்கிச்சு. அதான் என் லாரியிலேயே, என் பக்கத்து சீட்டுல உங்களைச் சாய்ச்சுப் படுக்க வெச்சு, ரோட்டுப் பனியைத் தள்ளிக்கிட்டே ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போனேன். மூணு மணி நேரம் ஆயிடுச்சு. முப்பது மைலுக்கு மேல போக முடியல, மன்னிச்சுக்குங்க."

எல்டன் லாரியை விற்கும் தீர்மானம் எழுதிய காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டெரி திருப்பி நீட்டிய கேடயத்தை வாங்கி, மூன்றாம் வரிசைக்கு நடந்து போய், டார்லாவின் கைகளில் வைத்தார். பதினாறு வருடத்தில் அவர் சொற்பொழிவு இல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.